மண்ணுக்குள் ஊறும் நஞ்சும் மன்றம் ஏறாத தமிழும்!

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அவற்றினின்று தோன்றுவன பல. ஆகலின் அவை கருப்பொருள் எனப்பட்டன. நிலத்தை முதலாக வைத்து வாழ்வுக்கே இலக்கணம் கண்ட இனம், இன்று தன் காலடி மண்ணுக்குள் என்ன இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்கவும் மறந்து நிற்கிறது. அப்படியே எவரேனும் கேட்டாலும், விடை அவர்தம் மொழியில் கிடைப்பதில்லை. இவ்விரண்டு இழிவும் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் நிழலில்தான் மற்றொன்று வளர்கிறது.

நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கும் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. பெட்ரோல் என்று வழங்கும் கன்னெய் விற்கும் நிலையம் ஒன்று மூடப்படுகிறது. சாலை அகலமாவதால் மூடப்படலாம். நிலத்தின் விலை எரிநெய் வாணிகத்தின் ஊதியத்தை விஞ்சிவிட்டதால் மூடப்படலாம். அல்லது ஆலை ஒன்று நொடித்துப்போய்த் தன் இடத்தை விற்கிறது. மண்வாரிப் பொறி வருகிறது, தரையைப் பிளக்கிறது, இருபது முப்பது ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த இரும்புத் தொட்டியைத் தூக்கிச் சரக்குந்தில் ஏற்றுகிறது. தொட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. குழியில் மண் கொட்டப்படுகிறது. சில திங்களில் அங்கே வெள்ளை பூசிய எல்லைக்கற்கள் முளைக்கின்றன. 'வீட்டுமனைகள் விற்பனைக்கு' என்று பலகை ஏறுகிறது. 'நல்ல குடிநீர் உண்டு' என்றும் அதில் எழுதியிருக்கும். அந்நீர் எந்த மண்ணின் வழியே ஊறி வருகிறது என்பது மட்டும் எழுதியிராது.

தொட்டியை எடுத்தவர் உண்டு. குழியை மூடியவர் உண்டு. மனையை விற்றவரும் உண்டு. மண்ணின் கணக்கை எடுத்தவர் யார்?

திருப்பாச்சூர் மண்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் உள்ளது திருப்பாச்சூர். பாசு என்பது மூங்கிலுக்கு ஒரு பெயர். மூங்கிற் காட்டால் பெயர்பெற்ற ஊர் என்பர். அப்பரும் சம்பந்தரும் தேவாரம் பாடிய ஊர். ஊர்ப்பெயரே மண்ணையும் மரத்தையும் சொல்லும் வகையில் பெயரிட்டு வாழ்ந்தனர் முன்னோர். இன்று அவ்வழியே இரவுபகலாக ஓடுவன, திருப்பதிக்கும் ஆந்திரத்துக்கும் செல்லும் பேருந்துகளும் சரக்குந்துகளும். சாலை இருக்கும் இடத்தில் எரிநெய் விற்பனை இருக்கும். விற்பனை இருக்கும் இடத்தில் நிலத்தடித் தொட்டி இருக்கும்.

இவ்வூர் மண்ணின் பெறுமதியை இவ்வூர் எல்லைக்குள் மட்டும் வைத்து அளத்தல் ஆகாது. அண்மையில் உள்ளது, 1944ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம். கொசத்தலையாறு என்று இன்று ஏடுகளில் எழுதப்படும் கொற்றலையாற்றை மறித்து எழுந்த தேக்கம் அது. சென்னை மாநகர் குடிக்கும் நீரில் ஒரு பெரும்பங்கு இதிலிருந்து செல்வது. பூண்டி, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் எனத் திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றுப்படுகைகளில் கிணறு தோண்டி அம்மாநகர் நீர் இறைத்தது. மிகையாய் இறைத்ததனால் மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல்நீரே ஏறிவிட்டது. மேலே வயல், கீழே மாநகரின் தண்ணீர்ப் பானை. அந்தப் பானையின் மீதுதான் காக்களூர்த் தொழிற்பேட்டையும் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டு வளாகமும் நூற்றுக்கணக்கான ஆலைகளும் அமர்ந்துள்ளன. ஆலைகளுக்கு உலை எண்ணெய் வேண்டும். மின்னாக்கிகளுக்கு டீசல் வேண்டும். 2008ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் ஆலைகள் பலவும் டீசலை எரித்தே ஓடின. அவ்வெரிநெய்யெல்லாம் எங்கே தேக்கப்பட்டது? எத்தொட்டி எந்நிலையில் உள்ளது? எத்தொட்டி அகற்றப்பட்டது? அகற்றிய குழியில் என்ன கண்டனர்? ஊர்மக்கள் எழுந்து கேட்டால் விடைசொல்ல ஊராட்சியில் ஓர் ஏடு உண்டா?

அதே கொற்றலையாறு கடலைச் சேரும் எண்ணூரில் நிகழ்ந்ததை நாடே பார்த்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. படகுகள் கருத்தன, வலைகள் கருத்தன, மீனவர் மேனியும் கருத்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் அது செய்தியாயிற்று. மண்ணுக்குள் ஊறும் எண்ணெய்க்குப் படம் பிடிப்பார் இலர். ஆகவே அது செய்தியாவதில்லை.

ஒரு துளியின் கணக்கு

மண்ணுக்குள் புதைத்த இரும்பு துருப்பிடிக்கும். இதற்குப் பேரறிவியல் வேண்டா. கொல்லர் பட்டறைச் சிறுவனும் சொல்வான். தொட்டியின் அடிப்பகுதியில் தேங்கும் சிறிது நீர் உள்ளிருந்து அரிக்கிறது. ஈரமண் வெளியிலிருந்து அரிக்கிறது. தொட்டி உடையுமுன்பே குழாய் மூட்டுகள் கசிகின்றன. நொடிக்கு ஒரு துளி கசிந்தாலும் நாளொன்றுக்கு 4 இலிட்டருக்கு மேல். ஆண்டொன்றுக்கு 1,500 இலிட்டருக்கு மேல். பல்லாயிரம் இலிட்டர் வாங்கி விற்கும் கணக்கில் இது ஆவியாய்ப் போனதென்று எழுதப்படும். ஆவியாய்ப் போகவில்லை, அடிமண்ணில் போயிற்று.

கன்னெய் நீரினும் எடை குறைந்தது. மண்ணில் இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். ஐப்பசி கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். ஏறி இறங்குந்தோறும் மிதக்கும் எண்ணெயை மண்ணின்மேல் பூசிக்கொண்டே போகும். ஆகவே கசிவு நின்ற பின்னும் நஞ்சு நிற்பதில்லை. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவிக் கிணற்றுக்குக் கொண்டுபோகும்.

கன்னெய்யில் உள்ள கூறுகளுள் கொடியது பென்சீன். குருதிப் புற்றுநோயை விளைப்பது அது என்பது உலகறிந்த முடிபு. குடிநீர் ஓர் இலிட்டரில் ஒரு கிராமின் ஓரிலக்கத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருத்தல் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் அளவு வகுத்துள்ளது. இன்று இந்தியாவில் விற்கும் கன்னெய்யில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம். அவ்வாறாயின் ஓர் இலிட்டர் கன்னெய்யில் உள்ள பென்சீன் ஏறத்தாழ 9 கிராம். அளவுக்குள் வைத்துப் பார்த்தால், அவ்வோர் இலிட்டர் 8 இலக்கம் இலிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் குடிக்கலாகும் எல்லையின் விளிம்புக்குக் கொண்டுவரப் போதும். ஒரு குப்பி எண்ணெய். ஓர் ஊரின் குளம்!

பழைய தொட்டிகளில் இன்னொரு நஞ்சும் உண்டு. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் இந்தியாவில் காரீயம் கலந்த கன்னெய் முற்றாக நிறுத்தப்பட்டது. அதற்கு முன் புதைத்த தொட்டிகளின் அடிமண்ணில் காரீயமும் இருக்கலாம். காரீயம் குழந்தைகளின் மூளையை மழுக்குவது. கன்னெய் நாளடைவில் சிதையும், காரீயம் சிதையாது. மண்ணில் வீழ்ந்தது வீழ்ந்தவாறே கிடக்கும். அம்மண்ணில்தான் மனைபோட்டுக் குழந்தைகளை விளையாட விடுகின்றனர்.

எது பதம்?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது தமிழன் மொழி. சோறு முழுதும் ஒரே கொதியில் வெந்ததாதலின் ஒன்றைத் தொட்டால் எல்லாம் தெரியும். கசிந்த குழிக்கு அது பொருந்தாது. கசிவு மூட்டில் இருக்கும். நடுவில் பிடித்த பிடிமண் தூயதாய்த் தோன்றும். ஆகவே தொட்டி எடுத்த குழியின் மண்ணை ஆய்வோர், தொட்டியின் இரு முனைகளின் கீழும், எண்ணெய் நிரப்பிய வாயின் கீழும், குழாய் சென்ற தடம் நெடுகிலும், வண்டிகளுக்கு ஊற்றிய பொறிகளின் கீழும், குழியின் நான்கு பக்கத்தும் தனித்தனியே மண்பதம் எடுத்தல் வேண்டும். குழியில் நீர் ஊறியிருந்தால் நீர்ப்பதமும் எடுத்தல் வேண்டும். எடுத்த மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்கு இடமின்றி அடைத்து, பனிக்கட்டியிற் குளிரவைத்து, காலந்தாழ்த்தாது ஆய்வகம் சேர்த்தல் வேண்டும்.

இதில் ஏமாற்றுக்கு வழி எத்தனை! மண்ணை இரண்டு நாள் வெயிலில் பரப்பிவிட்டுப் பிறகு அனுப்பினால், பென்சீன் பறந்துபோயிருக்கும். 'தூய மண்' என்று சான்று கிடைக்கும். நஞ்சூறிய மண்ணோடு நல்ல மண்ணைக் கலந்து அனுப்பினாலும் அளவு குறையும், சான்று கிடைக்கும். அகழ்ந்தெடுத்த மண்ணைத் தார்ப்பாயில் தனியே குவித்து மூடிவைத்தல் முறை. அதனை அண்டை ஏரிக்கரையிலோ தாழ்ந்த மனைகளிலோ கொட்டிவிட்டால், ஒரு குழியின் நஞ்சு பத்து இடத்துக்குப் பரவும். இவற்றையெல்லாம் அறிந்த ஊரார் குழியோரம் நின்று பார்த்தால் ஏமாற்று நடக்காது. ஊரார் அறியாதிருத்தலே ஏமாற்றுவோர்க்கு முதல்.

தீயைக் கண்ட சட்டம் மண்ணைக் காணவில்லை

எரிநெய் பற்றிய சட்டங்கள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. 1934ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையன் எழுதியது. அதன்கீழ் 2002ஆம் ஆண்டில் விதிகள் எழுந்தன. அவற்றின் முதற்கவலை தீயும் வெடிப்பும்: ஆவி நீங்கிற்றா, பொறி பறக்குமா, சுவருக்கு எத்தனை மீட்டர் என்பன. தேவையானவைதாம், ஆனால் தீ ஒரு நாளில் எரித்து முடிப்பது, நஞ்சு ஒரு தலைமுறையை எரிப்பது. 2020 சனவரியில் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடியிருப்புக்கும் 50 மீட்டருக்குள் கன்னெய் நிலையம் அமையலாகாதென்று நெறி வகுத்தது. அதுவும் புதிய நிலையங்களுக்கே எழுந்தது. இடுவதற்கு அளவுகோல் வந்தது, எடுப்பதற்கு?

அமெரிக்காவைப் பாருங்கள். எதற்கெடுத்தாலும் அந்நாட்டைக் காட்டும் ஆங்கிலப் பற்றாளர் இதற்கு மட்டும் காட்டுவதில்லை. அங்கு 1984இல் நிலத்தடித் தொட்டிகளுக்கெனச் சட்டம் வந்தது. தொட்டியை நிலையாக மூடவோ எடுக்கவோ நினைப்பவர் 30 நாள் முன்னரே அரசுக்கு அறிவித்தல் வேண்டும்; எடுத்த இடத்தில் கசிவு நேர்ந்துள்ளதா என்று அளந்து காட்டுதல் வேண்டும். பழைய தொட்டிகளைத் திருத்தவோ மாற்றவோ மூடவோ 1998 திசம்பர் வரை தவணை தரப்பட்டது. அவ்வாறு தோண்டித் தோண்டிப் பார்த்ததில் அங்கு இதுவரை வெளிப்பட்ட கசிவுகள் 5 இலக்கத்துக்கும் மேல். 1996இல் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகா நகர், கன்னெய்யில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் கலந்துவிட்டதால் தன் குடிநீரில் ஏறத்தாழ பாதியைத் தந்த கிணறுகளை மூடவேண்டியதாயிற்று. அமெரிக்க இரும்புதான் துருப்பிடிக்குமா? தமிழ்நாட்டு இரும்புக்குத் துருவே ஏறாதா? அங்கே தேடினர், கண்டனர். இங்கே தேடவில்லை, ஆகவே இல்லை என்கின்றனர்.

நடுவணரசு 2025 சூலையில்தான் மாசுற்ற இடங்களுக்கென விதிகளை வெளியிட்டது. மாவட்ட ஆட்சி ஆறு திங்களுக்கு ஒருமுறை ஐயத்துக்குரிய இடங்களைக் குறித்தல் வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதலாய்வும், அடுத்த 90 நாளில் விரிவாய்வும் செய்தல் வேண்டும். நஞ்சு உறுதியானால் இடத்தை மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்றல் வேண்டும். நன்று. ஆயினும் தூய்மையாக்கி முடிக்க நாள் குறிக்கவில்லை. இந்தியா முழுதும் அப்போது கணக்கிலிருந்த இடங்கள் 103. தூய்மைப் பணி தொடங்கியவை 7. 'மக்களுக்கு அறிவித்தல் வேண்டும்' என்கிறதே, எம்மொழியில்? அதைப் பிறகு பார்ப்போர் பார்க்க. முதலில் கெட்டுப்போன மண்ணைப் பார்க்க.

தண்டையார்ப்பேட்டையும் சுன்னாகமும்

2013ஆம் ஆண்டு. வடசென்னைத் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் எரிநெய் வந்தது. குளிக்கவும் துவைக்கவும் இறைத்த நீரில் தீப்பற்றும் பொருள்! துறைமுகத்திலிருந்து தண்டையார்ப்பேட்டைக் கிடங்குக்கு எரிநெய் செலுத்தும் பாரத் பெட்ரோலியம் நிறுவனக் குழாயின் கசிவே அது எனப் பின்னர்த் தெரிந்தது. வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் ஏறியது. அடிமண்ணிலிருந்து எண்ணெயை இறைத்தலும், மண்ணைத் தூய்மையாக்க வழி தேடலும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அது தொட்டியன்று, குழாய்தானே என்பார் உளர். மண்ணுக்குத் தொட்டி, குழாய் என்னும் வேறுபாடு தெரியாது. ஒன்றை மட்டும் எண்ணுக: கசிவை முதலில் கண்டது நிறுவனத்தின் பொறியன்று, அரசின் ஆய்வகமன்று, வாளியில் நீர் இறைத்த வீட்டாரின் மூக்கு. அரசும் நிறுவனமும் செய்யவேண்டிய ஆய்வை ஏழை வீட்டுப் பெண்டிர் மோந்து பார்த்துச் செய்தனர்.

கடலுக்கு அப்பாலும் தமிழன் மண்ணுக்கு இதே கதி. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே குடிநீர். கிணறே ஊரின் உயிர். சுண்ணக்கல்லோ துளையும் வெடிப்பும் உடையது. ஓரிடத்துக் கொட்டியது பலவிடத்துக்கு ஓடும். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்னாக்கும் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. போரால் வீடிழந்தோர் மீண்டுவந்து கிணற்றை எட்டிப்பார்த்தால் அங்கும் பகை! 2015இல் மக்கள் கிளர்ந்தனர். வழக்கு இலங்கை உச்ச முறைமன்றத்துக்குச் சென்றது. 4.4.2019 அன்று தீர்ப்பு வந்தது: மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை உருவா இழப்பீடு தருதல் வேண்டும், 500 கிணறுகள் வரை, கிணற்றுக்காரர் ஒருவருக்கு மிகுதி 40,000 உருவா.

வென்றனர், ஆம். ஆனால் ஒரு கிணற்றின் விலை 40,000 உருவாவா? பாட்டன் வெட்டி, தந்தை கல்கட்டி, பேரன் குடிக்கும் கிணற்றுக்கு விலை வைக்கும் நிலைக்கு ஏன் வந்தது? கொட்டும் நாளில் மண்ணைப் பார்த்திருந்தால் கிணற்றைப் பார்க்கும் தேவை வந்திராது. தண்டையார்ப்பேட்டைக்கும் சுன்னாகத்துக்கும் இடையே கடல் உண்டு. படிப்பினையில் இடைவெளி இல்லை. மண் ஆய்வு முந்தினால் ஊர் பிழைக்கும். கிணறு முந்தினால் வழக்கு மட்டுமே பிழைக்கும்.

நஞ்சுக்குத் திரை ஆங்கிலம்

இனி மொழிக்கு வருக. மண்ணை ஆய்ந்த அறிக்கை என ஒன்று வந்தாலும், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. திருப்பாச்சூர் உழவர் ஒருவர் தம் வயலையொட்டிய குழியின் அறிக்கையைக் கேட்டு வாங்கினாலும், அவர் கையில் கிடைப்பது அவர்க்கு ஊமை ஏடு. அவர் மண்ணைப் பற்றி, அவர் கிணற்றைப் பற்றி, அவர் பேரக்குழந்தையின் குருதியைப் பற்றி, அவர் ஊரிலேயே அமர்ந்து, அவர்க்கு விளங்காத மொழியில் எழுதிவைக்கின்றனர். இதைவிட நுட்பமாக ஒரு குற்றத்தை மறைத்தல் இயலுமா? பூட்டுப் போட்டால் உடைப்பர் என்று அஞ்சி, ஆங்கிலம் போட்டு மூடுகின்றனர்.

இது தற்செயல் என்பார்க்கு ஒரு சான்று. 2020ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய அறிவிக்கையின் வரைவை, நடுவணரசு இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அரசமைப்பின் 22 மொழிகளிலும் 10 நாளில் அதை வெளியிடுக எனத் தில்லி உயர் முறைமன்றம் 30.6.2020 அன்று ஆணையிட்டது. ஆணையை நிறைவேற்ற வேண்டிய நடுவணரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பதை விடுத்து, அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றப் படியேறியது! தமிழில் ஓர் ஏட்டைத் தருவதைவிட, தரமாட்டேன் என்று வழக்காடுவது அதற்கு எளிதாய் இருந்தது. எரிநெய் ஆலை எரிப்பது எண்ணெயை. தில்லி எரிப்பது மக்களின் அறியும் உரிமையை.

தில்லியை மட்டும் சொல்லிப் பயனென்ன? தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டினது. அதன்பின் தமிழின் பெயரால் வாக்குக் கேட்டோர் எத்தனை முறை கோட்டையேறினர்! தமிழுக்கு மாநாடு எடுத்தனர், சிலை எடுத்தனர், விழா எடுத்தனர். தமிழ்நாட்டு மண்ணின் நோயைத் தமிழில் எழுதுக என ஓர் ஆணை எடுத்தனரா? மேடையில் தமிழ் அன்னை. அலுவலகத்தில் ஆங்கிலச் சிற்றன்னை. பலகையில் தமிழ் வேண்டும் என்று கடைக்காரனை உருட்டும் அரசு, அறிக்கையில் தமிழ் வேண்டும் என்று நிறுவனத்தைக் கேட்க ஏன் நடுங்குகிறது?

தமிழில் அறிவியல் எழுதச் சொல் இல்லை என்பர் சிலர். மண்ணைப் பற்றியா தமிழில் சொல் இல்லை? செம்மண், கரிசல், வண்டல், களி, சரளை, களர், உவர் என்று நாவால் நக்கியும் காலால் மிதித்தும் மண்ணை வகுத்தவன் தமிழுழவன். கிணறு வெட்டுவோர் எத்தனை முழத்தில் எந்த மண், எங்கே ஊற்று என்று இன்றும் சொல்வர். ஊறல், கசிவு, சுவறல், படிவு, தேக்கம், பதம் என்று சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இல்லாதது சொல் அன்று, சொல்ல மனம்.

மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது, சிறிது கலந்தால் என்ன என்று நகைத்தவர் பலர். மொழியில் கலப்பு மெல்லத்தான் ஊறும். கேடு தெரியுமுன் அடிவரை இறங்கிவிடும். இதை உணர்ந்த இயக்கத்தார்க்கு, மண்ணில் ஊறும் கலப்பை உணர்த்தப் பிறர் வேண்டா. ஆயினும் ஒன்றை வெளிப்படச் சொல்லவேண்டும். மொழிக்கலப்பைக் கண்டு கொதிப்போர் தம் ஊர்க் கிணற்றில் என்ன கலந்துள்ளதென்று கேளாதிருப்பின், அக்கொதிப்பு முழுமையன்று. குடிக்க நீரற்ற ஊரில் தூய தமிழைப் பேச யார் இருப்பர்?

'தூய்மை' என்பதற்கு யார் அளவு?

கொடைக்கானலை மறத்தல் ஆகாது. வெப்பமானி செய்த இந்துசுத்தான் லீவர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் என வடமொழியால் வழங்கும் இதள் கலந்த கழிவு 290 டன் 2003இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலை மண்ணைத் தூய்மையாக்கும் பேச்சு வந்தபோது, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் இதள் எஞ்சியிருக்கலாம் என்று அளவு வகுத்தனர். தாய்நிறுவனம் இயங்கும் பிரித்தானியாவில் குடியிருப்பு மண்ணுக்கு இத்தனை தளர்வு உண்டா என மக்கள் இயக்கத்தார் எழுந்தனர். ஆலை மூடிய பின்னும் மண்மீதான வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது.

படிப்பினை தெளிவு. 'ஆய்ந்தோம், தூயது' என்னும் சொல் மட்டும் போதாது. எந்த இடத்து மண்? எத்தனை ஆழம்? என்னென்ன தேடினர்? எவ்வளவு கண்டனர்? எந்த அளவுக்குக் கீழே தூயதென்றனர்? அவ்வளவை வகுத்தவர் யார்? இவ்வாறு வினவும் ஊரை ஏமாற்றல் அரிது. வினவுதற்கு அறிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். தமிழில் எழுதுக எனக் கேட்பது மொழிப்பற்றின் மிகையன்று, குடிநீரின் முதற்காவல்.

செய்யத்தக்கன

வெறும் புலம்பல் இயக்கத்துக்கு அழகன்று. தமிழ்நாட்டரசு தன் அதிகாரத்துக்குட்பட்டே செய்யத்தக்கனவற்றைத் தமிழ்மக்கள் வலியுறுத்துவாராக:

1. நிலத்தடி எரிநெய்த் தொட்டியை எடுக்க விரும்புவோர், 30 நாள் முன்னரே ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தால் அறிவித்தல் வேண்டும். ஊரார் குழியோரம் நின்று பார்க்க இசைவு தரப்படுதல் வேண்டும்.

2. நிறுவனத்தின் கைப்பொருளாகாத ஆய்வகம் மண்பதமும் நீர்ப்பதமும் எடுத்தல் வேண்டும். செலவு தொட்டிக்குரியாரது. 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட தொட்டியாயின் காரீயமும் தேடப்படல் வேண்டும்.

3. அறிக்கை முழுவதும் தமிழில் எழுதப்பட்டு, ஊரவையில் படித்துக்காட்டப்பட்டு, ஊராட்சிச் சுவரில் ஒட்டப்படுதல் வேண்டும்.

4. சுற்றிலுமுள்ள கிணறுகள் மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டாண்டேனும் ஆயப்படுதல் வேண்டும்.

5. அந்நிலத்தில் தொட்டி இருந்த செய்தியும் ஆய்வின் முடிவும் நில ஆவணத்தில் ஏறுதல் வேண்டும். மனை வாங்கும் ஏழை தன் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து நஞ்சை வாங்கலாகாது.

இவற்றுக்குச் செலவு மிகும் என்பார் உளர். ஒரு குழியின் மண்ணை ஆய்வதற்கு ஆகும் செலவையும், ஒரு தெருவின் நிலத்தடி நீரைத் தூய்மையாக்க ஆகும் செலவையும் தண்டையார்ப்பேட்டையில் போய் ஒப்பிட்டுக் காண்க.

சட்டம் வரும்வரை வாளா இருத்தலும் வேண்டா. தமிழ்நாட்டில் ஊரவை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள். அன்றொரு நாளேனும் திருப்பாச்சூரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் எழுந்து ஒருவர் கேட்பாராக: 'இவ்வூர் எல்லைக்குள் எரிநெய்த் தொட்டிகள் எத்தனை? எடுத்தவை எத்தனை? எடுத்த குழிகளின் மண் ஆயப்பட்டதா? அறிக்கை எங்கே? தமிழில் தருக!' விடை கிடையாவிடின் அக்கேள்வியையே தீர்மானமாக நிறைவேற்றுக. ஓரூர் கேட்டால் அலுவலர் நகைப்பார். நூறூர் கேட்டால் எழுந்து நிற்பார்.

மண் பேசாது. தன் நோவைச் சொல்லும் வாய் அதற்கு இல்லை. மண்ணுக்கு வாயாக வேண்டியவர் அம்மண்ணில் பிறந்தோர். அவர் பேச வேண்டியது அம்மண்ணில் பிறந்த மொழி. குழியை மூடுமுன் கணக்கைக் கேட்க! கணக்கைத் தமிழில் கேட்க! மண்ணும் மொழியும் தூய்மையுற வாழ்க!